லைனில் நிற்கமாட்டேன் என்று ஒரு கடிதம்

ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறேன் என்றதும் பினாங்கில் தெரிந்தவர்களில் பாதிப் பேர், "இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கவா?" என்றுதான் கேட்டார்கள். நம்மவர்களுக்குப் படித்த பெண் என்றால் டீச்சர். வெளிநாடு என்றால் மொழிப்பள்ளி டீச்சர். இல்லை, தொழிற்சாலைக்கு என்றதும் குரல் இறங்கிவிடும். "டிகிரி முடிச்சிட்டு ஃபேக்டரிக்கா?"

இதே கேள்வியை ஜப்பானியக் குடிநுழைவுத் துறையும் கேட்டது. கொஞ்சம் மரியாதையாக, எழுத்தில்.

மலேசியக் கடப்பிதழ் இருந்தால் 90 நாள் சுற்றிப் பார்க்க விசா வேண்டாம். வேலை செய்ய வேண்டுமென்றால் கதை வேறு. முதலில் அங்குள்ள நிறுவனம் நமக்காகத் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கணும். அது வந்த 3 மாதத்துக்குள் இங்கே தூதரகத்தில் விசா எடுத்து, அந்த நாட்டில் போய் இறங்கணும். என்னைப் போன்றவர்களுக்கான வகையைச் சுருக்கமாக 'கிஜின்கோகு' என்பார்கள். தொழில்நுட்பம், மனிதவியல், பன்னாட்டுச் சேவை எல்லாவற்றையும் 2015 ஏப்ரலில் ஒரே வகையாக்கிவிட்டார்கள். தனியார் மொழிப்பள்ளி ஆசிரியர்களும் இதற்குள்தான் வருகிறார்கள். தொழில்நுட்ப வேலை என்றால் அதற்குப் பொருந்திய பட்டம் வேண்டும்; இல்லையென்றால் 10 ஆண்டு அனுபவம். சம்பளம் அதே வேலை பார்க்கும் ஜப்பானியருக்குக் கிடைப்பதைவிடக் குறையக்கூடாது. இன்னொன்றும் உண்டு. அந்த வேலைக்குப் படிப்பறிவு தேவைப்பட வேண்டும். கை மட்டும் செய்கிற வேலை என்று அவர்கள் நினைப்பது இந்த வகையில் சேராது.

நான் படித்தது வேதியியல். என்னை எடுத்த நிறுவனம் சிப்புகளின் உலோகக் கால்களுக்கு முலாம் பூசுகிறது. வேலை, தரக் கட்டுப்பாடு. எல்லாம் பொருந்துகிறது என்றுதான் நினைத்திருந்தோம். ஆறு வாரம் கழித்து நிறுவனத்துக்குக் கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தது. இந்தப் பெண் ஒரு நாளில் எந்த நேரத்தில் என்ன செய்வார்? உற்பத்தி லைனில் எவ்வளவு நேரம் இருப்பார்?

நிறுவனத்தின் ஆள்வள அதிகாரி பதில் கடிதம் தயாரித்து எனக்கும் ஒரு நகல் அனுப்பினார். அதில் ஒரு வரி: விண்ணப்பதாரர் உற்பத்தி லைனில் பணியாற்றமாட்டார்; பயிற்சிக் காலத்தில் மட்டும், இணைத்துள்ள திட்டப்படி அங்கே இருப்பார்.

என் அம்மா பாயான் லெப்பாஸில் 22 வருடம் லைனில் இருந்தவர். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் சாப்பாட்டு மணிக்குத்தான் எடுப்பார். இரவு ஷிஃப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ்ஸில் வந்து இறங்கி, என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுப்பார். இந்தப் பட்டமே அந்த ஓவர்டைம் காசுதான். அந்த வேலையை நான் செய்யமாட்டேன் என்று உறுதி கொடுத்தால்தான் எனக்கு விசா.

கடிதத்தை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அங்க போயி என்னதான் பாப்ப?" என்று கேட்டார். முலாமில் கறை, கொப்புளம், கீறல் இருக்கிறதா என்று பார்ப்பேன் என்றேன். "அதத்தானே நானும் பாத்தேன்" என்றார். பிறகு, "லைட்ட சாய்ச்சு வெச்சுப் பாரு. நேரா வெச்சா எல்லாம் நல்லாத்தான் தெரியும்" என்றார். விண்ணப்பத்தோடு வைத்த மதிப்பெண் பட்டியல்களில் இது எங்கேயும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு வேலைப் பெர்மிட் புதிதுமில்லை. 1968-இல் மலேசியாவில் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வாங்கணும். தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, குடியுரிமைத் தாள் மட்டும் எடுக்காமல் விட்டவர்கள் ஏராளம். 1969-க்குப் பிறகு சட்டம் இறுகியபோது ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் கப்பலேறினார்கள் என்பார்கள். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த என் தாத்தாவுக்குப் பெர்மிட் கிடைத்தது. அவர் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பேருமே பால் வெட்டியவர்கள்தான். ஒரே லயம், ஒரே நிரை. பெரிய தாத்தா நாகப்பட்டினத்தில் போய் இறங்கியதோடு எங்களுக்கு அவருடைய கதை முடிந்துவிட்டது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நான் போகாமல் இருந்துவிடவில்லை. கடிதம் போனது, சான்றிதழ் வந்தது, நானும் வந்துவிட்டேன். விமான நிலையத்திலேயே அட்டை கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு.

இங்கே லைனில் ஓர் இந்தோனேசிய அக்கா இருக்கிறார். மலாய் கலந்து பேசிக்கொள்வோம். அவருடைய அட்டையில் 'தொழில்நுட்பப் பயிற்சி' என்று போட்டிருக்கிறது. அதில் அதிகம் போனால் 5 வருடம். பிள்ளையை அழைத்துவர முடியாது. பிடிக்கவில்லை என்று வேறு கம்பெனிக்கு மாறுவதும் பொதுவாக நடக்காது. நான் வேலை மாறினால் 14 நாளுக்குள் தகவல் சொன்னால் போதும். புது வேலையும் இதே வகைக்குள் இருக்கணும், அவ்வளவுதான். பயிற்சி என்று பெயர் அவருக்கு. ஆனால் நான் எழுதும் பரிசோதனைக் குறிப்புகளில் பாதி அவரிடம் கேட்டு எழுதியவை. அவரும் தட்டை விளக்கின் கீழ் சாய்த்துத்தான் பார்க்கிறார்.

மார்ச்சில் என் அட்டையைப் புதுப்பிக்கணும். அதே மாதம் அவருக்கு 5 வருடம் முடிகிறது. அவர் இடத்துக்கு வரப்போகிறவருக்கு நான்தான் லைனில் கூட நின்று சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தைப் படிவத்தில் எப்படிக் காட்டுவது என்று அதிகாரியிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கற்பித்தல் என்று போட்டுவிடலாம்" என்றார்.