ரிச்சி ஸ்ட்ரீட்: சுடும் சிப்புக்கு ஒரு வைத்தியம்!

சென்னை அண்ணா சாலையின் இரைச்சலைத் தாண்டி, கேசினோ தியேட்டர் பக்கமாக நுழைந்தால் சற்று தூரத்திலேயே வேறொரு ஊர் தொடங்கிவிடுகிறது. தலைக்கு மேலே ஒயர் சுருள்கள், காலுக்குக் கீழே அட்டைப்பெட்டிகள். நடுவே ஒரு பைக் நுழைய, எதிரே தள்ளுவண்டி வர, "வழி விடுங்க சார்" என்ற குரல் ஓய்வதே இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட் என்று ஒரு தெருவின் பெயரைச் சொன்னாலும், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றியிருக்கும் சந்துகளையும் சேர்த்துதான் மக்கள் அப்படி அழைக்கிறார்கள்.

ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கிய சந்தை இது. பிறகு டி.வி., கம்ப்யூட்டர், செல்போன் என்று காலத்துக்கேற்ப சட்டை மாற்றிக்கொண்டது. இப்போது கண்ணாடிப் பெட்டிகளில் ஆர்டுயினோ போர்டுகளும் சென்சார்களும் அடுக்கியிருக்கின்றன. கல்லூரி புராஜெக்ட்டுக்கு வருகிற மாணவர்கள், சொந்தமாக ஏதாவது செய்து பார்க்க நினைப்பவர்கள் என்று ஒரு புதுக்கூட்டமும் சேர்ந்திருக்கிறது.

அப்படி வந்தவர்தான் அந்த இளம்பெண். தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்திலிருந்து இரவு பஸ் ஏறி வந்திருக்கிறார். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு பூதக்கண்ணாடி விளக்கு என்று இருக்கும் சர்வீஸ் கடை முன் நிற்கிறார். தெருவே "பாய்" என்று அழைக்கும் அந்தப் பெரியவர், முதலில் ஸ்டூலை இழுத்துப் போடுகிறார்.

"உட்காருமா. போர்டை எடு."

பையிலிருந்து வெளிவருகிறது, உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்டு. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு நான்கு வால்வுகளை நேரம் பார்த்துத் திறந்து மூடும் கருவி. அவரே வரைந்து, 20 போர்டு ஆர்டர் கொடுத்து வாங்கியது. 6 போர்டில் பாகங்களைப் பற்றவைத்துவிட்டார். முதலாவதை அப்பாவின் தக்காளித் தோட்டத்தில் மாட்டியபோது சிப் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டிருக்கிறது. மாற்றி மாற்றி மூன்று சிப் போய்விட்டன. வால்வு திறக்காமல் ஒரு பாத்தி வாடிவிட்டது. அக்கம்பக்கத்தில் ஐந்து பேர் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள்.

"மகளை நம்பிக் கொடுத்தோம்னு அப்பாகிட்ட கேக்குறாங்கண்ணா" என்னும்போது குரல் இறங்கிவிடுகிறது.

சிப்பின் முதுகில் ஒரு அலுமினிய ஹீட்சிங்க் ஒட்டியிருக்கிறது. பாய் அதை நெம்பி எடுத்து ஓரமாக வைக்கிறார்.

"காய்ச்சல் வந்தவனுக்கு விசிறி வீசினா காய்ச்சல் போயிடுமா? ஏன் சுடுதுன்னு பாக்கணும்மா."

அவர் போடுவது சின்னக் கணக்குதான். போர்டில் இருப்பது ஏடிமெகா 328பி. ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் அதே 28 கால் சிப். 5 வோல்ட்டில் அது தனக்காக இழுப்பது 10 மில்லி ஆம்பியர் சுற்றுவட்டாரம்தான். இரண்டையும் பெருக்கினால் 0.05 வாட். அந்தச் சூடு விரலுக்குத் தெரியக்கூடாது. தெரிகிறது என்றால், எங்கோ கரன்ட் தப்பாகப் போகிறது.

முதலில் மின்சாரம் இல்லாமலே சோதனை. மல்ட்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து, 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே தொடுகிறார். சத்தமில்லை, நேரடி ஷார்ட் கிடையாது. சிப்பின் ஓரத்திலுள்ள பள்ளம் போர்டில் வரைந்த அடையாளத்தோடு ஒத்துப்போகிறது, திருப்பிச் செருகவில்லை.

அடுத்து, மேஜையிலுள்ள பவர் சப்ளையில் 5 வோல்ட் வைத்து, 200 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாதபடி வரம்பு கட்டுகிறார். தவறு இருந்தாலும் சிப் பலியாகாது. போர்டிலுள்ள ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார். மீட்டரில் 30.

"இப்போ விடு."

ஒரு ரிலே 'டிக்' என்கிறது. எண் 190-க்குத் தாவுகிறது. பாய் முகத்தில் முதல் சிரிப்பு.

ரீசெட்டில் இருக்கும்வரை அந்த சிப் தன் கால்கள் வழியாக எதையும் ஓட்டாது. அப்போது அமைதியாக இருந்து, விட்டதும் எகிறினால், கோளாறு வெளியே போகும் கால்களில்தான். ரிலே சுருளுக்கு 70 போனாலும் கணக்கு 100 சொச்சத்தில் நிற்க வேண்டும். மீதி எங்கே?

சிப்பின் கால் நேராக ரிலேயை இயக்குவதில்லை. நடுவே ஒரு டிரான்சிஸ்டர் இருக்கிறது. அதற்கு முன்னால் கரன்டை மட்டுப்படுத்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். 2 மில்லிமீட்டர் நீளம், உப்புக்கல் மாதிரி. பூதக்கண்ணாடியை அதன் மேல் கொண்டுபோகிறார்.

"நீயே படிம்மா."

"நூறு..." என்று படித்தவர் நிறுத்திவிடுகிறார். இருக்க வேண்டியது 102. அதாவது 10-க்குப் பக்கத்தில் இரண்டு சைபர், 1000 ஓம். 100 என்று எழுதியிருந்தால் சைபர் எதுவும் சேராது. வெறும் 10 ஓம். இரண்டு பட்டைகளையும் ஒரே கவரில் போட்டு வைத்திருந்ததில் கை மாறிவிட்டது. ஒரு காலுக்கு 40 மில்லி ஆம்பியர்தான் உச்ச வரம்பு. இங்கே அதன் இரு மடங்குக்கு மேல் ஓடியிருக்கிறது. நான்கு வால்வும் சேர்ந்து திறந்தால் சிப் என்ன செய்யும்?

நான்கு ரெசிஸ்டரும் மாறுகின்றன. சூடுபட்ட சிப்பையும் நம்பவில்லை பாய். புதிது ஒன்று செருகுகிறார். மீட்டரில் 105. கால்மணி நேரம் ஓடவிட்டு, "தொட்டுப் பாரு" என்கிறார். அந்தப் பெண் தயங்கித் தயங்கி விரலை வைக்கிறார். எடுக்கவேயில்லை.

மிச்சமுள்ள 5 போர்டில் 20 ரெசிஸ்டர். அவற்றை ஊரில் போய் அவரே மாற்றிக்கொள்ளட்டும் என்கிறார் பாய். ஒரு போர்டை மட்டும் தன் எதிரிலேயே மாற்றவைத்துப் பார்த்த பிறகுதான் எழ விடுகிறார். புதுப் பட்டை ரெசிஸ்டரின் விலை, ஒரு வேளை சாப்பாட்டைவிடக் குறைவு.

வெளியே வந்ததும் அந்தப் பெண் முதலில் போன் போடுவது அப்பாவுக்கு. "போர்டு வரைஞ்சதுல தப்பில்லப்பா. நான்தான் ஒரு சாமானை மாத்தி வச்சுட்டேன்" என்கிறார். இரைச்சலில் மறுமுனைப் பதில் கேட்கவில்லை. முகம் மட்டும் தெளிந்திருக்கிறது.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது; பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்தும், அண்ணா சாலை மெட்ரோ நிலையங்களிலிருந்தும் நடந்தே வந்துவிடலாம். வாங்கிய பொருளின் மேல் எழுதியிருப்பதைக் கடை வாசலிலேயே ஒருமுறை படித்துவிடுங்கள். வெவ்வேறு பட்டைகளை வெவ்வேறு கவரில் போட்டு, பேனாவால் பெயர் எழுதிவையுங்கள்!