துவாஸ் கரையும் கிராஞ்சிச் சுவரும்

சிங்கப்பூரின் துவாஸ் லிங்க் ரயில் நிலையத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கொள்கலன் லாரிகள், தொழிற்கூடங்கள். ராஃபிள்ஸ் மெரினா பக்கம் போய்க் கலங்கரை விளக்கத்தடியில் நின்றால்தான் கடல் தெரிகிறது. எதிரே ஜொகூர், பக்கத்தில் இரண்டாம் இணைப்புப் பாலம். 1942இல் இந்த மேற்குக் கரை முழுக்கச் சதுப்பும் கண்டல் காடும். இதைக் காக்க நிறுத்தப்பட்டிருந்தது 44ஆம் இந்தியக் காலாட்படை பிரிகேட். அதில் மூன்று பஞ்சாப் பட்டாலியன்கள். பலர் பயிற்சி முடியாத இளவட்டங்கள். பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் இவர்களுக்கு வடக்கே, ஆஸ்திரேலியர் காவலிருந்த சரிம்புன் பக்கம் கரையேறினார்கள். இவர்கள் ஜூரோங்குக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. 15ஆம் தேதி புக்கிட் தீமா ஃபோர்டு ஆலையில் பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல் சரணடைந்தார். இதையெல்லாம் சொல்லும் பலகை ஒன்றுகூட இந்தக் கரையில் என் கண்ணில் படவில்லை. இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

என்னோடு வந்த தம்பி புதுக்கோட்டைப் பக்கம். இங்கே கப்பல் பட்டறையில் வெல்டர். கிராஞ்சிக்குப் போகும் ரயிலில், நண்பர் ஒருவரின் சேகரிப்பிலிருந்து இரவல் வாங்கி வந்திருந்த பதக்கத்தை அவர் கையில் கொடுத்தேன். பசிபிக் ஸ்டார். ஆறு முனை கொண்ட வெண்கல நிற நட்சத்திரம், நடுவே கிரீடமும் ஆறாம் ஜார்ஜின் எழுத்துகளும். நாடாவில் பச்சையும் மஞ்சளும் காட்டையும் கடற்கரையையும் குறிக்கும். ஓரச் சிவப்பு தரைப்படைக்கு, கரும்நீலம் கடற்படைக்கு, இளநீலம் விமானப்படைக்கு. தம்பி நாடாவை விட்டுவிட்டு நட்சத்திரத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரு சிப்பாயின் எண், பெயர், பிரிவு. பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியர்களுக்குப் பொறித்துக் கொடுத்தார்கள்.

“ஜெனரலுக்கும் இதேதானா அண்ணே?”

இதேதான். போரில் இருந்ததற்குத் தரும் பதக்கத்தில் பதவி பார்ப்பதில்லை. வீரத்துக்குத் தருவதில்தான் பார்த்தார்கள்: அதிகாரிக்கு மிலிட்டரி கிராஸ், சாதாரணச் சிப்பாய்க்கு மிலிட்டரி மெடல். பெர்சிவல் முதல் உலகப் போரிலேயே மிலிட்டரி கிராஸ் வாங்கியவர். ஆனால் லெப்டினென்ட் ஜெனரல்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ‘சர்’ பட்டம் சிங்கப்பூருக்குப் பிறகு அவருக்குக் கிடைக்கவில்லை.

கிராஞ்சிப் போர் நினைவிடம் மேட்டின் மேல் இருக்கிறது. ஏறும்போது இருபுறமும் ஒரே அளவுக் கல்லறைக் கற்கள். அதிகாரிக்கென்று பெரிய கல் கிடையாது. மேலே, விமானச் சிறகு போல் விரிந்த கூரையைத் தாங்கும் சுவர்த்தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். உடல் கிடைக்காதவர்கள், கல்லறை இன்னதென்று தெரியாதவர்கள். பதக்கம் என்று இங்கே மிஞ்சுவது, சில பெயர்களுக்குப் பின்னால் செதுக்கிய இரண்டு மூன்று எழுத்துகள், அவ்வளவுதான். பசிபிக் ஸ்டார் பற்றி எங்கும் குறிப்பில்லை. பஞ்சாப் படைகளின் தலைப்புக்குக் கீழே சிங்குகளும் கான்களும் வரிசை வரிசையாக. தம்பி விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டே மதராஸ் சாப்பர்களைத் தேடினார். நம் ஊர்ப் பையன்கள் பாலம் கட்டவும் கண்ணிவெடி அகற்றவும் சேர்ந்த படை அது. 1944இல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் தன் உடம்பைப் போட்டுத் தோழர்களைக் காத்து, இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் அந்தப் படைதான். பக்கத்திலேயே, தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்குத் தனி நினைவுச்சின்னம். பெரும்பாலோர் இந்தியப் படையினர்.

எனக்குப் பெரிதும் உறுத்துவது இந்தச் சுவரில் இடமில்லாதவர்கள். சரணடைந்த இரண்டாம் நாள், லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க்கில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அங்கே முளைத்தது இந்திய தேசிய ராணுவம். அதில் பிறகு மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். நேதாஜி தனிப் பதக்கங்களே ஏற்படுத்தினார்: ஷேர்-இ-ஹிந்த், சர்தார்-இ-ஜங், வீர்-இ-ஹிந்த். 1944 ஏப்ரல் 14 அன்று இந்தியாவின் மொய்ராங்கில் கொடியேற்றிய கர்னல் ஷௌகத் மாலிக்குக்கு சர்தார்-இ-ஜங் கிடைத்தது. ரப்பர் தோட்டத்திலிருந்து போனவர்களில் எத்தனையோ பேருக்குப் பதக்கமும் இல்லை, கல்லில் பெயரும் இல்லை. 1945 ஜூலை 8 அன்று எஸ்பிளனேடில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் சில வாரங்களிலேயே தகர்த்தார்கள். அந்த இடத்துக்கு அடையாளக் கல் வர 1995 ஆயிற்று.

இறங்கும்போது, தன் அம்மா வழிப் பாட்டனார் ‘சிங்கப்பூர் சண்டை’க்குப் போனவர் என்று வீட்டில் பேச்சு உண்டு என்றார் தம்பி. ஊரில் ட்ரங்குப் பெட்டியில் நட்சத்திரம் ஏதும் கிடந்தால் பின்பக்கத்தைத் துணியால் மெல்லத் துடைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். எண்ணும் பிரிவும் தெரிந்தால் விசாரிக்க வழி பிறக்கும். அவர் அங்கேயே நின்று அம்மாவுக்கு போன் போட்டார்.