மழையில் நின்ற நாய்

என் அத்தான் தன் நாயோடு தமிழில்தான் பேசுவார். அவர் இருந்தது பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில், கேங்காம் என்ற நகரத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். நாயும் அந்த மண்ணின் ஜாதிதான், எப்பாஞ்ஞொல் பிரெத்தோன். வெள்ளையில் ஆரஞ்சுத் திட்டு, குட்டை வால், நம் முழங்காலுக்குச் சற்று மேலே உயரம். பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சில் என்ன சொன்னாலும் தலையைச் சாய்த்து மரியாதையாகக் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். அத்தான் ‘நில்லு’ என்றால் தூக்கிய கால் தூக்கியபடி நிற்கும். ‘இரு’ என்றால் படுக்கும். ‘வாடா’ என்றால் வரும்.

அத்தான் பழைய சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பதினெட்டு வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அல்ஜீரியா போனவர். பென்ஷன் வாங்கியதும் பலர் ஊர் திரும்பி வீடு கட்டினார்கள். அவர் அக்காவோடு அங்கேயே தங்கிவிட்டார். பீரங்கிகளுக்குப் பக்கத்தில் நின்ற வருஷங்களால் காது பாதி போயிருந்தது. மெல்லிய கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போயின. குருவிச் சத்தம் கேட்காது, லாரிச் சத்தம் கேட்கும்.

நான் 2010-ல் அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் மூன்று மாதம் அவர்களோடு தங்கினேன். அக்டோபரில் போய் இறங்கினேன், அன்றே மழை. அடுத்த மூன்று மாதத்தில் மழை இல்லாத நாட்களை விரல் விட்டு எண்ணலாம். நம் ஐப்பசி அடைமழை கொட்டிவிட்டு ஓயும். அங்கே ‘க்ராஷேன்’ என்று ஒரு தூறல், பன்னீர் தெளித்த மாதிரி நாள் முழுக்க விழும். குடை விரிக்கவும் தோன்றாது, நனையாமல் இருக்கவும் முடியாது.

பறவை நாய் என்றால் என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியாது. சிறுவயதில் ஊசுட்டேரிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் உள்ளான் சுடப் போன கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது இந்தியாவில் வேட்டை சட்டப்படி குற்றம், அது நல்லதுதான். அங்கே அனுமதிச் சீட்டு உண்டு, பருவம் உண்டு, கணக்கு உண்டு. நாயின் வேலை பறவையைப் பிடிப்பது இல்லை. காற்றில் வாசனை பட்டதும் சிலைபோல் நின்று, ‘இங்கே இருக்கிறது’ என்று காட்ட வேண்டும். அதை ‘அர்ரே’ என்பார்கள். ஆள் வந்து சேரும் வரை அப்படியே நிற்க வேண்டும். பறவை எழும்பினாலும் துரத்தக் கூடாது, துப்பாக்கி வெடித்தாலும் அசையக் கூடாது.

இதைச் சோதிக்கத்தான் ‘ஃபீல்ட் டிரையல்’. பெயர் ஆங்கிலம், நடத்துவது பிரெஞ்சுக்காரர்கள். வசந்தத்தில் சமவெளிக் கோதுமை வயல்களில் ஜோடி சேர்ந்த கவுதாரி வகைப் பறவைகள்மேல் நடக்கும். அங்கே நாய்க்குப் பதினைந்து நிமிடம், அதில் முதல் நிமிடத்தில் செய்யும் பிழைக்கு மன்னிப்பு உண்டு. விதிப்புத்தகத்தை வாங்கி ஓர் இரவில் படித்து முடித்தேன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க உத்தரவுகளைப் படித்தவனுக்கு அது நாவல் மாதிரி. முதல் நிமிட மன்னிப்பை எங்கள் அலுவலகத்திலும் வைத்திருக்கலாம்.

அத்தான் வசந்தப் போட்டிக்குப் போவதில்லை. அவருடையது காடு. காட்டில் ‘பெக்காஸ்’. நம் உள்ளானுக்குப் பெரியம்மா மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த இலை நிறம், நீண்ட அலகு. ரஷ்யா, ஸ்காண்டினேவியா பக்கமிருந்து குளிருக்குப் பயந்து வருகிறது. நம் நீலகிரிக்கும் குளிர்காலத்தில் அந்த இனம் வந்து போகும். பகலில் காட்டுக்குள் ஒளிந்திருக்கும், இரவில் புல்வெளிக்கு வந்து மண்புழு தின்னும். வேட்டைக்காரர்கள் மரியாதையாக ‘நீண்ட அலகு அம்மாள்’ என்பார்கள். பெக்காஸ் போட்டியில் சுடுவது வெற்றுத் தோட்டா, பறவைக்குச் சேதமில்லை.

பயிற்சி பற்றி அத்தான் ஒன்று சொன்னார். “மச்சான், மூக்கு அதுக்குப் பிறவியிலேயே இருக்கு. நான் என்னத்தைக் கத்துக் கொடுக்க? ஆசை இருக்கும்போதே நிக்கிறது மட்டும்தான் நான் சொல்லிக் கொடுக்கணும்.” குட்டியாக இருந்தபோது சோற்றுத் தட்டின் முன்னால் ஆரம்பித்தாராம். தட்டை வைத்துவிட்டு ‘நில்லு’. முதலில் இரண்டு நொடி, பிறகு பத்து, பிறகு அவர் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பும் வரை. பிறகு நீளக் கயிறு கட்டி வயலில். வெடிச் சத்தத்தை ஒரே நாளில் பழக்கக் கூடாது. நாய் சாப்பிடும்போது தொலைவில் ஒன்று, சில நாள் கழித்துக் கொஞ்சம் கிட்டே ஒன்று. இதில் அவசரப்பட்டால் ஆயுசுக்கும் துப்பாக்கியைக் கண்டு ஓடும் நாய்தான் மிஞ்சும்.

மழையில் இந்தப் பாடமெல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும். தூறல் நாய்க்கு நண்பன். ஈரக் காற்றில் வாசனை தங்கும். வறண்ட நாளில் பத்தடியில் தெரியாதது தூறல் நாளில் முப்பதடியில் தெரியும். கொட்டும் மழை அப்படியில்லை, வாசனையைத் தரையோடு அடித்துக் கழுவிவிடும். பறவைகளின் நடத்தையும் மாறும். மரத்திலிருந்து சொட்டும் சத்தம் பெக்காஸுக்குப் பிடிக்காது என்பது அத்தானின் கட்சி. கனமழையில் உள்காட்டை விட்டு, ஓரத்து மண்கரை வேலிகளின் அடிக்கு வந்துவிடுமாம். அவரோடு நடந்த நாட்களில் இரண்டு முறை அப்படித்தான் பார்த்தேன்.

எனக்குப் புதிதாக இருந்தது இன்னொன்று. பயிற்சிக்கு வளர்ப்புக் காடைகளைப் புல்லில் வைத்து நாயை விடுவது வழக்கம். மழை நாளில் அத்தான் அதை ஒருநாளும் செய்ய மாட்டார். கூண்டில் வளர்ந்த காடை நனைந்தால் பறக்க முடியாது, தத்தித் தத்தி விழும். நாய் ஒருமுறை பாய்ந்து கவ்விவிட்டால் போதும். ‘நின்றால் கிடைக்காது, பாய்ந்தால் கிடைக்கும்’ என்று அதன் மண்டையில் ஏறிவிடும். ஒரு வருஷ உழைப்பு ஒரு நனைந்த காடையால் போய்விடும். அதனால் மழையில் பறவை இல்லாத பாடம் மட்டும்: நில், இரு, வா. அக்கா சமையலறை ஜன்னலிலிருந்து, “காய்ச்சல் வந்தா நான் பார்க்க மாட்டேன், ரெண்டு பேருக்கும் சொல்றேன்” என்று கத்துவார். அத்தானுக்குக் கேட்காது. நாய்க்குக் கேட்கும்.

இனி மணி. காட்டில் நாய் கண்ணில் படாது, கழுத்து மணியை வைத்துத்தான் இருக்குமிடம் தெரியும். மணி நின்றால் நாய் நின்றது என்று அர்த்தம். நாய் நின்றதும் கூவுகிற மின்கருவியும் உண்டு. அதன் கீச்சுச் சத்தம் அத்தானின் காதுக்கு எட்டவே எட்டாது. கடையில் விற்கும் சின்ன மணிகளும் அப்படியே. அதனால்தான் நான் கிளம்புவதற்கு முன் போன் செய்து, “பெரிய மார்க்கெட்டுல மாட்டு மணி ஒண்ணு வாங்கிட்டு வா, சத்தம் தடிமனா இருக்கணும்” என்றார். கடை கடையாக ஆட்டிப் பார்த்து ஒரு வெண்கல மணி வாங்கினேன். பாரிஸ் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி அதை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். காய்ந்த நாளில் அந்த மணி அத்தானுக்கு நன்றாகவே கேட்டது. இலைகள்மேல் மழை விழும் இரைச்சலில் மட்டும், நாய் ஐம்பது அடி போனால் கேட்காது. அவர் என்னிடம் அதைச் சொல்லவில்லை. நானாகத்தான் கண்டுகொண்டேன். நாய் உள்ளே போனதும் அவர் என் முகத்தைப் பார்ப்பார்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. கிராமத்துக் காப்பிக் கடையில் காலை எட்டு மணிக்கு எல்லோரும் கூடினோம். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்: விவசாயி, தபால்காரர், ரயில்வேக்காரர். சீட்டுக் குலுக்கி வரிசை போட்டார்கள். நடுவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: ஒரு நேரத்தில் ஒரு நாய், கூட ஒரே ஆள், மற்றவர்கள் பின்னால் வரலாம், வாய் திறக்கக் கூடாது. வெளியே தூறல் இல்லை, சரியான மழை. எனக்குக் கவலை அங்கேயே தொடங்கியது. முந்தின இரவுதான் அக்கா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்: “இந்த வருஷம் நாயைக் காட்டுல தொலைச்சிடுவாரோன்னு பயம்டா தம்பி. இதோட விட்டுடுங்கன்னு நான் சொன்னா கேக்கமாட்டார். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அவரே விட்டுடுவார்.”

எங்களுக்கு முன் ஓடிய நாய்கள் ஒன்றுக்கும் பறவை கிடைக்கவில்லை. ஒன்று மழையில் சலித்து எஜமானனின் காலோடு ஒட்டிக்கொண்டது. ஐந்தாவதாக அத்தான். நாய் முள்செடிக்குள் நுழைந்தது. நடுவரும் அவரும் முன்னால், நாங்கள் முப்பதடி பின்னால். மாட்டு மணி இடப்பக்கம் போனது, திரும்பி வலப்பக்கம் வந்தது. மறுபடி இடப்பக்கம். பிறகு நின்றது.

எனக்குக் கேட்டது. நடுவருக்கும் கேட்டது, அவர் நடையை நிறுத்தினார். அத்தான் நடந்துகொண்டே இருந்தார்.

நான் வாய் திறக்க முடியாது. அவரும் அன்று திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. மழை தொப்பியிலிருந்து மூக்கில் வழிந்தது. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். நாற்பது, ஐம்பது, அறுபது. நின்ற நாய் பொறுமை இழந்து ஓரடி முன்னால் வைத்தால் பறவை போய்விடும், எல்லாம் முடிந்தது. எழுபதைத் தாண்டியபோது அத்தான் நின்றார். ஒரு கணம் தரையைப் பார்த்தார். அப்புறம் இடப்பக்கம் திரும்பி, அந்த மண்கரையை நோக்கி நேராக நடந்தார்.

எப்படித் தெரிந்தது என்று அன்றிரவு கேட்டேன். “ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னாடி குறுக்கே வந்துட்டுத்தான் மறுபக்கம் போகணும்னு பழக்கியிருக்கேன். வரலைன்னா நிக்குதுன்னு அர்த்தம். எங்கேன்னு கேக்குறியா? இந்த மழைக்கு அம்மாள் கரையோரம்தானே இருப்பாள்.” இரண்டு வருஷமாக, காது குறையக் குறைய, இதைத்தான் பழக்கியிருக்கிறார். அக்காவுக்கும் சொல்லவில்லை.

நாய் கரையடியில் கழுத்தை நீட்டி, முன்கால் மடித்து நின்றது. முடியெல்லாம் உடம்போடு ஒட்டி, எலிபோல இளைத்துத் தெரிந்தது. காது நுனிகளில் தண்ணீர் சொட்டியது. அத்தான் நெருங்கியதும் அவரோடு இரண்டு மூன்று அடி மெதுவாக வழுக்கிக்கொண்டு முன்னேறி மறுபடி நின்றது. பறவை அடியில் நடந்து நகர்ந்திருக்கிறது. அப்புறம் சிறகடிக்கும் சத்தம், பழுப்பாய் ஏதோ மரங்களுக்கு நடுவே வளைந்து மறைந்தது. வெற்றுத் தோட்டா வெடித்தது. நாய் அசையவில்லை. அத்தான் ‘நில்லு’ என்றுகூடச் சொல்லவில்லை.

‘த்ரே போன்’ என்று தரம் கொடுத்தார் நடுவர். மிக நன்று என்று பொருள், அதற்கு மேல் ‘எக்ஸெலான்’ ஒன்று உண்டு. நாய் இன்னும் கொஞ்சம் அகலமாகத் தேடியிருக்கலாம் என்று காரணம் சொன்னார். அகலம் குறைந்த காரணம் தெரிந்த அத்தான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தன் சட்டையை மாற்றாமல் முதலில் நாயைத் துடைத்தார். காதின் உட்புறத்தைத் துணி சுற்றிய விரலால் காயவைத்தார். தொங்கு காது நாய்களுக்கு ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும். விரல் இடுக்குகளில் முள் இருக்கிறதா என்று ஒவ்வொரு பாதமாகப் பார்த்தார். எலிக்காய்ச்சலுக்கு வருஷா வருஷம் ஊசி போடுவார். தேங்கிய நீரில் அலையும் நாய்க்கு அது மிக அவசியம். மழைக்காலத்தில் நாய் வளர்க்கும் நம் ஊர்க்காரர்கள் இதையாவது எடுத்துக்கொள்ளலாம். அக்கா ரசம் வைத்திருந்தார். காட்டில் நடந்ததை நான்தான் அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் அத்தான் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

அத்தான் அதன்பின் இரண்டு பருவம் போனார். 2011-ல் ஓர் ஆளுக்குப் பருவத்துக்கு முப்பது பெக்காஸ்தான் என்று நாடு முழுதும் உச்சவரம்பு வந்தது. “எனக்கு முப்பது நாள் நடந்தா போதும்” என்றார். முழங்காலும் மறுத்தபிறகு, நாயைப் பக்கத்து வீட்டுத் தபால்காரரிடம் ஒப்படைத்தார். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து மூன்று சொற்களையும் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக்கொண்டாராம். ‘வாடா’வும் ‘இரு’வும் வந்துவிட்டன. ‘நில்லு’வில்தான் சிக்கல், ‘நிலூ’ என்றுதான் அவருக்கு வந்தது. நாய் முதல் வாரம் தலையைச் சாய்த்துப் பார்த்தது, அப்புறம் அதற்கும் நிற்கத் தொடங்கிவிட்டது என்று அக்கா போனில் சொன்னார்.