தராசுக்குப் போகாத கத்திகள்

பேலியகொடையின் பழைய இரும்புக் கடைகளில் எல்லாவற்றுக்கும் தராசுதான் விலை சொல்லும். முறிந்த லொறிச் சட்டம், தையல் இயந்திரத்தின் கால், படகு நங்கூரம், கட்டிடக் கம்பி, நீர்க்குழாய் எல்லாம் கிலோக் கணக்கில் வந்து கிலோக் கணக்கில் போகின்றன. நான் போய்வரும் கடையில் மட்டும் தராசுக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் ரின் இருக்கிறது. சாக்கைக் கொட்டிப் பிரிக்கும்போது தட்டுப்படும் மடக்குக் கத்திகளைக் கடைக்கார நானா அதற்குள் போட்டுவிடுவார். கறள் ஏறி ஒரே கட்டியாகிப்போனது, பாதி அலகு முறிந்தது, எதையும் அவர் தள்ளுவதில்லை. "இரும்புதான் தம்பி, ஆனா இத உருக்க மனசு வராது" என்றார், ரின்னை எனக்குத் திறந்து காட்டியபோது.

அலகோடு ரின் வெட்டி, போத்தல் திறப்பான், திருகாணி கழற்றி, ஊசி என்று பல கருவிகளை ஒரே பிடிக்குள் மடக்கிய பொக்கற் கத்திகளைத் தேடித்தான் அங்கே போகிறேன். ஒரு கத்தி எந்த நாட்டில், எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்கும் முறைகளைப் புத்தகங்களில் படித்திருந்தேன். கத்தியைக் கையில் வாங்கியதுமே விரலால் அறிகிற அறிவைப் பேலியகொடையில்தான் கண்டேன்.

இடமும் அதற்குத் தோதானது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஆமர் வீதி, கிராண்ட்பாஸ் வழியாக வந்து களனி கங்கையைத் தாண்டினால் பேலியகொடை. படகுகளைக் கோத்துக் கட்டிய பாலத்தால் சனம் கடந்த அந்த ஆற்றுக்கு 1895இல் விக்டோரியாப் பாலம் வந்தது. ஆற்றைக் கடந்ததும் கண்டி வீதி ஒரு பக்கம், நீர்கொழும்பு வீதி ஒரு பக்கம் பிரிகிறது. தோட்டத்துக் கத்தி கண்டி வீதியால் வரும். கடற்கரைக் கத்தி நீர்கொழும்பு வீதியால் வரும். கப்பற்காரரின் கத்தியும் பட்டாளத்துக் கத்தியும் துறைமுகப் பக்கமிருந்து வரும். 2011இல் புறக்கோட்டை சென் ஜோன்ஸ் மீன் சந்தை இங்கே இடம் மாறிய பிறகு, கத்தி தீட்டுகிறவர்களுக்கும் இங்கே ஓயாத வேலை.

நானா முதலில் பார்ப்பது எழுத்தை அல்ல. கத்தியை உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்ப்பார். காந்தத்தைப் பக்கத்தகட்டில் வைப்பார். ஒட்டாவிட்டால் உள்ளே பித்தளை இருக்கலாம். பிறகு அலகை மெல்லத் திறந்து, முதுகு வில் எப்படி இழுக்கிறது என்று கவனிப்பார். நல்ல வில் என்றால் அலகு கடைசி அரை அங்குலத்தில் தானாகப் போய் அடையும். அந்தச் சத்தத்துக்காகவே அவர் காதைச் சாய்த்துக்கொள்வார். எழுத்துக்கு வருவது அதற்குப் பிறகுதான். அலகின் அடியில், பிடியோடு சேரும் இடத்தில், செய்தவரின் முத்திரை இருக்கும். கறளுக்குள் அது மறைந்திருந்தால் வெயிலில் சாய்த்துப் பிடித்து, சோக்குத் தூளைத் தடவித் துடைப்பார். பள்ளத்தில் தங்கிய வெள்ளை எழுத்தாக மேலே வரும்.

அப்படி எழுந்து வந்த எழுத்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது பிரித்தானிய இராணுவத்தின் அம்புக்குறி. மூன்று கோடுகள் ஒரு முனையில் சேரும் அகன்ற அம்பு. அரசாங்கச் சொத்து என்று அர்த்தம். கருப்புப் பிடி, அதில் குறுக்கும் மறுக்குமாகக் கட்டங்கள், ஒரு தடித்த அலகு, ஒரு ரின் வெட்டி, கயிற்று முடிச்சை நெகிழ்த்தும் கூரான இரும்பு, தொங்கவிட ஒரு வளையம்: இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சிப்பாயின் மடக்குக் கத்தி அது. பெரும்பாலும் வருடமும் பதிந்திருக்கும். அம்பைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆங்கில 'சி' எழுத்துக்குள் அம்பு நின்றால் கனடா, 'யு'வுக்குள் நின்றால் தென்னாபிரிக்கா, இரண்டு 'டி'க்களுக்கு நடுவே நின்றால் அவுஸ்திரேலியா, அம்பின் கீழ் 'ஐ' இருந்தால் இந்தியா. 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. பேரரசின் பல நாட்டுப் படைகள் அந்த ஆண்டுகளில் இந்தத் தீவில் தங்கியிருந்தன என்பது பாடப் புத்தகத்தில் ஒரு வரி. இரண்டு வெவ்வேறு அம்புகள் ஒரே ரின்னுக்குள் கிடப்பதைப் பார்த்தபோதுதான் அந்த வரி எனக்கு உறைத்தது.

வருடம் பதியாத கத்திதான் உண்மையான சோதனை. அப்போது கருவிகளையே சாட்சியாகக் கூப்பிட வேண்டும். சோடா மூடி திறக்கும் கொக்கி இருந்தால், அந்தக் கத்தி 1892க்கு முந்தியதாக இருக்க முடியாது; வில்லியம் பெய்ன்டர் நெளிந்த விளிம்புத் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு அது. அலகு கறள் பிடிக்காத உருக்கு என்றால் 1913க்குப் பிந்தியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த உருக்கைக் காய்ச்சிய ஆண்டு அது. நட்சத்திரத் தலைத் திருகாணிக்கு முனை இருந்தால் 1930களுக்கு முன் போகவே முடியாது. குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கும் வளைந்த கொக்கி இருந்தால், குதிரை ஏறியவர்களின் காலத்தை நினைக்கலாம். ஆனால் அது உறுதியான எல்லையாகாது, ஏனென்றால் குதிரைகள் வீதியிலிருந்து போன பிறகும் பழக்கத்தால் அந்தக் கொக்கியைச் செய்துகொண்டே இருந்தார்கள். ஒரு கருவி வந்த ஆண்டு திடமான சாட்சி. அது வழக்கொழிந்த ஆண்டு அப்படியல்ல.

நாட்டின் பெயரும் உதவும். இறக்குமதிச் சாமானில் பிறந்த நாட்டைப் பொறிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு கத்திகளில் 'இங்லண்ட்', 'ஜேர்மனி' என்ற சொற்கள் பெருகின. 'மேற்கு ஜேர்மனி' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ஷெஃபீல்டின் ஜோசப் ரொட்ஜர்ஸ் கத்திகளில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்த முத்திரை இருக்கும். கூடவே கிரீடமும் அரசரின் முதலெழுத்தும் இருந்தால், யார் ஆட்சியில் அடித்தது என்றே சொல்லிவிடலாம். பிடியில் உடைமைக்காரர் அடித்த எழுத்துகளையும் விடக்கூடாது. 'சி.ஜி.ஆர்.' என்றால் சிலோன் அரசாங்க ரயில்வே. 1972இல் நாட்டின் பெயர் மாறியது. அந்த எழுத்து அதற்கு முந்திய காலத்தில் நிற்கிறது.

ரின்னுக்குள் சிவப்பு நிறத்தில் ஒன்று தெரிந்தால் எவரும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். சுவிஸ் கத்தி. நம் ஊரில் ஆமிக் கத்தி என்பார்கள். 1884இல் கார்ல் எல்ஸனர் சுவிற்சர்லாந்தின் ஷ்விட்ஸ் மாநிலத்து இபாக்கில் பட்டறை தொடங்கினார். 1891இல் தம் நாட்டுப் படைக்குக் கத்தி கொடுத்தார். திருகுமுனைத் தக்கை இழுப்பானோடு அதிகாரிகளுக்கான இலேசான கத்தியை 1897இல் பதிவுசெய்தார். 1909இல் தாய் விக்டோரியா இறந்ததும் அவர் பெயரையே கத்திக்கு வைத்தார். 1921இல் கறள் பிடிக்காத உருக்கைக் குறிக்கும் 'இநொக்ஸ்' அதோடு சேர்ந்து விக்டோரினொக்ஸ் ஆனது. ஆகவே அலகின் அடியில் 'விக்டோரியா' என்று மட்டும் இருந்தால், அந்தக் கத்தி மிகப் பழையதாக இருக்கும். போட்டியாளரான வெங்கர் 2005இல் விக்டோரினொக்ஸின் கைக்குப் போனது. வெங்கர் பெயரில் வந்த கத்திகள் அதற்குப் பின் சில ஆண்டுகளில் நின்றன. சிப்பாய்களுக்கான 1961 மாதிரியை அறிவது இன்னும் எளிது: பக்கங்கள் அலுமினியம், அலகின் அடியில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம்.

சுதந்திரத்துக்கு முந்திய கத்தி, பாட்டனாருடையது என்று சொல்லி ஒருவர் நானாவிடம் ஒரு சிவப்புக் கத்தியை விற்க வந்திருந்தார். நானா அதைத் திறந்து, முதுகுப் பக்கத்தில் வளைந்து நின்ற சின்னக் கொக்கியை எனக்குக் காட்டினார். பார்சல் கயிற்றைத் தூக்கிப் பிடிக்கும் அந்தக் கொக்கி 1991இல்தான் விக்டோரினொக்ஸில் வந்தது. நானாவுக்கு அந்த ஆண்டு தெரியாது. "பழைய கத்தியில இந்தக் கொக்கி நான் கண்டதில்ல" என்று மட்டும் சொன்னார். கண்ணால் பல கத்தி பார்த்து அவர் வந்து சேர்ந்த முடிவும் புத்தகத்தின் முடிவும் ஒன்றாகவே இருந்தன. விற்க வந்தவரை அவர் பொய்யர் என்று சொல்லவில்லை. ஏதோ ஒரு விலை சொல்லி மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

குறடு வைத்த மடக்குக் கருவிகளும் உண்டு. அமெரிக்காவின் டிம் லெதர்மேன் 1975இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியற் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, அடிக்கடி நின்ற காரோடும் ஒழுகிய குழாய்களோடும் மல்லுக்கட்டக் கையில் இருந்தது ஒரு சாரணர் கத்தி மட்டும். குறடும் சேர்ந்திருந்தால் நல்லது என்று அங்கே எழுந்த யோசனை 1983இல் விற்பனைக்கு வந்தது. அந்த முதல் மாதிரி 2004 வரை செய்யப்பட்டது. அதன் பிடியின் உட்பக்கத்தில் நான்கு இலக்கம் இருந்தால், முதல் இரண்டு மாதம், அடுத்த இரண்டு வருடம். இதில் ஊகத்துக்கே இடமில்லை. அதனாலோ என்னவோ எனக்கு அதில் பெரிய ஈடுபாடும் இல்லை.

நானாவின் கடைக்குச் சற்றுத் தள்ளி சாணை பிடிக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். மலையகத்திலிருந்து இளவயதில் கொழும்புக்கு வந்தவர். விடியப்புறம் மீன் வெட்டும் கத்திகள். வெயில் ஏறிய பிறகுதான் பேச நேரம். சாணையில் அலகு தொட்டதும் பறக்கும் பொறியைப் பார்த்தே உருக்கைச் சொல்கிறார். பழைய கரி உருக்கு என்றால் பொறி வெளுத்து, நிறையக் கிளை விட்டு வெடிக்கும். கறள் பிடிக்காததில் குட்டையாக, செம்மஞ்சளாக, கொஞ்சமாய்த்தான் வரும். ஆனால் பழைய கத்தி என்று தெரிந்தால் அவர் சாணையில் வைப்பதே இல்லை. தண்ணீர்க் கல்லில் கையால்தான் தீட்டுவார்.

ரின்னிலிருந்து கொண்டுபோன ஒரு வளைந்த அலகுக் கத்தியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இது தோட்டத்து சாமான் தம்பி. கவ்வாத்து வேலைக்குப் பெரிய கத்தி, இது கங்காணி மடியில வச்சிருந்தது" என்றார். அலகின் உள்வளைவு தேய்ந்து அகலம் பாதியாகியிருந்தது. நுனி மட்டும் பழைய அகலத்திலேயே நின்றது. கல்லை உள்வளைவிலேயே வைத்துத் தீட்டித் தீட்டி அப்படி ஆகும் என்று விளக்கினார். முத்திரை செய்த காலத்தைச் சொல்லும். எத்தனை காலம் உழைத்தது, எந்த வேலைக்கு உழைத்தது என்பதை இந்தத் தேய்வுதான் சொல்லும். அந்தக் கத்தியில் ஓர் ஆணி மாற்றப்பட்டிருந்தது. சைக்கிள் சில்லுக் கம்பியை வெட்டி, இரண்டு பக்கமும் தட்டிப் பரப்பியிருந்தார்கள். ஒரு பக்கத்து மான்கொம்பு போய், கித்துள் மரம் வைத்திருந்தார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இப்படி மாற்றியதற்கு விலையைக் குறைப்பார்கள். அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். ஷெஃபீல்டில் பிறந்த கத்தி கித்துள் பிடியோடு இன்னும் பல ஆண்டு வெட்டியிருக்கிறது. செய்தவரின் பெயருக்கு உள்ள மதிப்பு, திருத்தியவரின் கைக்கும் உண்டு.

கொழும்புத் தமிழர் வீடுகளிலிருந்து வரும் கத்திகளுக்கு வேறொரு அடையாளம். தேய்வே இருக்காது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு, சோதனைச் சாவடிகள் நிறைந்திருந்த ஆண்டுகளில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தமிழ் இளைஞன் பொக்கற்றில் மடக்குக் கத்தியோடு நடக்கத் துணியமாட்டான். பழம் வெட்ட, பென்சில் சீவ வைத்திருந்த கத்திகூட அலுமாரிக்குள் போனது. சிலர் ஆற்றிலும் கடலிலும் போட்டார்கள். பயத்தால் பயன்படாமல் போன அந்தக் கத்திகள் இன்று புத்தம்புதிதாகத் தெரிகின்றன. அவற்றின் பளபளப்பை என்னால் மகிழ்ச்சியோடு பார்க்க முடிவதில்லை.

பிடியின் பொருளை மூக்கும் சொல்லும். விரலால் சூடேறத் தேய்த்தால் செலுலொயிட் பிடியில் கற்பூர மணம் வரும். பேக்லைட்டில் கார்பொலிக் நெடி. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள், செலுலொயிட் சட்டென்று தீப்பிடிக்கும். போலிகளும் வருகின்றன. புதுக் கத்தியை அமிலத்தில் போட்டுக் கறள் ஏற்றுகிறார்கள். அந்தக் கறள் வெளியில் செம்மஞ்சளாக இருக்கும், மடிப்பின் உள்ளே இருக்காது. உண்மையான பழங்கறள் கரும்பழுப்பு. அலகைத் திறக்கும் நகக்குழியின் விளிம்பு விரல் பட்டு மழுங்கியிருக்கும்.

ஆனால் போலியைவிடப் பெரிய சேதம் நம் வீட்டிலேயே நடக்கிறது. அப்பாவின் கத்தி கறள் பிடித்துவிட்டது என்று மோட்டார் சாணையில் கம்பிச் சில்லு பூட்டித் தேய்க்கிறோம். ஒரு நிமிடத்தில் அலகு மினுங்கும், முத்திரை போய்விடும். நானாவின் ரின்னில் பெயரற்றுக் கிடப்பவற்றில் பாதி இப்படி மினுக்கப்பட்டவை.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அலுமாரி இழுப்பறையில் அப்படியொரு கத்தி இருந்தால் சாணைக்குக் கொண்டு போகாதீர்கள். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டு, பழைய பல்தூரிகையால் தேய்த்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகும். அலகின் அடியில் உள்ள எழுத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுங்கள். பிறகு அந்தக் கத்தி யாருடையது, எந்த ஊரில், என்ன வேலைக்கு வைத்திருந்தார் என்று வீட்டில் வயதானவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். விற்பதானாலும் அந்தத் தாளோடு விற்றுவிடுங்கள்.