உச்சரிக்க அஞ்சும் சொல்

கோல்ஃப் ஆடும் நாம் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் சொல் ஒன்றுண்டு: ஷாங்க். பந்து மட்டையின் முகத்தில் படாமல், தண்டும் தலையும் இணையும் கழுத்தில் பட்டு, வலக்கை ஆட்டக்காரருக்கு வலப்புறமாகத் தெறித்தோடுவதே அது.

1972இல் பெபிள் பீச்சில் நடந்த பிங் கிராஸ்பி போட்டியின் இறுதிச் சுற்றில், 16ஆம் குழியில் ஜானி மில்லருக்கு இது நேர்ந்தது. பின்னர் பிளே-ஆஃபில் ஜாக் நிக்லஸிடம் தோற்றார். தேர்ந்தவர்க்கே இக்கதியெனில் நாம் எம்மாத்திரம்?

காரணம் எளியதே. பந்துக்கு மிக நெருங்கி நிற்கிறோம். அல்லது மட்டை கீழிறங்குகையில் உடல் எடை கால்விரல்களுக்குச் சாய, கைகள் உடலைவிட்டு விலகுகின்றன. முகத்தின் நடுவுக்கும் கழுத்துக்கும் இடைவெளி சில சென்டிமீட்டரே! அச்சம் புகுந்தபின் இன்னும் குனிந்து பந்தை நோக்கியே சரிகிறோம். ஆகவே ஒரு ஷாங்க் மற்றொன்றை ஈன்றுவிடுகிறது.

மருந்தும் எளியது. மட்டை நுனிக்குச் சற்று அப்பால் காலி அட்டைப்பெட்டி ஒன்றை வைத்து, அதைத் தீண்டாமல் அடித்துப் பழகுவோம். எடை நடுப்பாதத்தில் நிலைக்கட்டும்.

மில்லரோ 1973இல் ஓக்மாண்டில் இறுதிச் சுற்றை 63 அடிகளில் முடித்து யு.எஸ். ஓப்பனை வென்றார். பெயர் சொல்லவே அஞ்சும் நோய்க்கு யார்தான் மருந்து தருவார்? முதலில் அச்சொல்லை உரக்கச் சொல்வோம்.