பாதி வண்டி

ஸ்போர்ட்ஸ் பைக்கில் குனிந்து உட்கார்ந்தால் மேலுடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். வேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சைக் கொஞ்சம் தாங்கிக்கொள்வதால் தெரியாது. ஷிஃப்ட் விட்டு எல்லாக் கம்பெனி ஜனமும் ரோட்டில் இறங்கும் நேரத்தில், ஆம்பூர் பஜாரில் முதல் கியரில் உருட்டும்போது தெரியும். மணிக்கட்டுக்குள் பிளேட்டும் ஸ்க்ரூவும் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2013 மாடல் யமஹா ஆர்15. மாதனூர் பக்கம் ஹைவேயில் நாய் குறுக்கே வந்து விழுந்ததில் வலதுபக்க ஃபேரிங் நொறுங்கியது, கையும் உடைந்தது. நான் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். தோலை விரித்து, முள் கீறல், உண்ணித் தழும்பு, சூடு போட்ட இடம் எல்லாவற்றையும் தடவிக் கண்டுபிடித்து, அவற்றை ஒதுக்கி டையை வைக்க வேண்டும். கைதான் சோறு. "கையில ரொம்ப பாரம் ஏத்தாதீங்க" என்று டாக்டர் சொன்னதும் அம்மா முடிவு செய்துவிட்டார்: வித்துடு. உடைந்த வண்டிக்குக் கேட்ட விலையில் பாக்கிக் கடன்கூட அடையாது. புது ஃபேரிங் செட்டோ என் ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல்.

மெக்கானிக் பாய்தான் வழி சொன்னார். "இன்னாத்துக்கு தம்பி பிளாஸ்டிக் வாங்குற? கழட்டிப் போட்ருவோம். ஹேண்டிலயும் மேல தூக்கிட்டா உன் கைக்கும் ஆச்சு, காசுக்கும் ஆச்சு."

ஸ்ட்ரீட்ஃபைட்டர் என்ற வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. ஆனால் அது பிறந்த கதை இதுதான். 1980களில் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும், 1985இல் வந்த சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 மாதிரி வண்டிகளைப் பையன்கள் கீழே போட்டார்கள். ஃபேரிங் மாற்றக் காசில்லை, எஞ்சின் நன்றாக இருந்தது. உடைந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு, அகலமான ஹேண்டில்பாரையும் ஏதோ ஒரு ஹெட்லைட்டையும் மாட்டி ஓட்டினார்கள். அது ஸ்டைல் ஆனது பிறகுதான். 1997இல் டிரையம்ஃப் கம்பெனியே இரட்டை உருண்டை விளக்கோடு ஸ்பீட் டிரிபிளை விற்றது. 2009இல் டுகாட்டி அந்தப் பெயரையே மாடலுக்கு வைத்துக்கொண்டது. சத்தம் போடும் சைலன்சரை மட்டும் மாட்டிக்கொண்டு அதையும் ஸ்ட்ரீட்ஃபைட்டர் என்று இன்ஸ்டாகிராமில் போடுபவர்கள்மேல் எனக்கு மரியாதை இல்லை.

இரண்டு நாள் வேலை என்றார் பாய். மூன்று வாரம் ஆனது. ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஃபோர்க் குழாய்களில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று குட்டையான கைப்பிடிகள் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, மேல் யோக்கில் ரைசர் வைத்து ஒரே நீளக் கம்பியைப் பொருத்தினார். உட்கார்ந்து பார்த்தேன். முதுகு நிமிர்ந்தது, கை மடங்கியது, பாரம் இடுப்புக்குப் போய்விட்டது. ஆனால் ஹேண்டிலை முழுக்க ஒடித்தபோது கேபிள் நீளம் போதாமல் ஆக்சிலேட்டர் தானாக இழுபட்டு எஞ்சின் அலறியது. நடுரோட்டில் யூ-டர்ன் எடுக்கும்போது அப்படி ஆகியிருந்தால் நேராக லாரிக்குள்தான். ஆக்சிலேட்டருக்கும் கிளட்சுக்கும் நீளமான கேபிள் போட்டார். பிரேக் ஹோஸில் மட்டும் ஒட்டு வேலை கூடாது என்று புதிதாகவே வாங்கிவரச் சொன்னார். ஹேண்டில் கோடியில் டேங்கில் இடிக்காமலிருக்க இரண்டு தடவை கோணம் மாற்றினோம்.

தோலின் காயத்தை மறைக்க மேற்பரப்பைத் தேய்த்து, பிக்மெண்ட் பூசி, புதிதாக ஒரு கிரெய்ன் அச்சு அழுத்துவது எங்கள் தொழிலில் வழக்கம். அனிலைன் தோலுக்கு அந்தப் பூச்சு கிடையாது, சாயம் மட்டும்தான். தழும்பு அப்படியே தெரியும். அதனால் இருப்பதில் நல்ல தோலைத்தான் அதற்கு ஒதுக்குவார்கள். ஃபேரிங் இல்லாமல் வண்டி நின்றபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ரேடியேட்டர், ரப்பர் ஹோஸ், வயர் கட்டு, ஃபிரேமில் விழுந்த கீறல், எல்லாம் வெளியே. பாய் வயர்களை டேங்குக்கு அடியில் ஒளிக்கவே மூன்று சாயங்காலம் போனது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "மீதி எங்கடா? பாதி வண்டிதான் கீது" என்றார்.

சட்டத்துக்கும் அது பாதி வண்டிதான். தயாரிப்பாளரின் அசல் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே 2019 மார்ச்சில்தான் யமஹா எம்டி-15 வந்தது: ஆர்15இன் அதே 155 சிசி எஞ்சின், ஃபேரிங் இல்லை, உயர்ந்த ஹேண்டில். சட்டத்தை முழுக்கத் திட்டவும் மனசு வரவில்லை. வெல்டிங் விட்டுப்போய் ஹேண்டில் கையோடு வந்த ஒரு வண்டியை பாய் கடையிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் காசில்லாதவன் உடைந்ததைக் கழற்றுவதற்கும், விளையாட்டுக்கு அறுத்து ஒட்டுவதற்கும் அதில் வித்தியாசம் இல்லை. அசல் கைப்பிடிகளும் மிச்சமிருக்கும் இடதுபக்க ஃபேரிங்கும் பரணில் இருக்கின்றன. போல்ட்டெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலில்.

ஏலகிரிக்கு ஒருமுறை ராத்திரி ஏறினேன். 14 கொண்டை ஊசி வளைவுகள், பாரி, கபிலர் என்று பெயர் வைத்தவை. முன்பு ஹெட்லைட் ஃபிரேமில் உட்கார்ந்திருந்தது. ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் வெளிச்சம் நேராகப் பள்ளத்தைத்தான் காட்டும். இப்போது விளக்கு ஃபோர்க்கோடு திரும்புகிறது. வளைவில் போகவேண்டிய இடம் கொஞ்சம் முன்னாலேயே தெரிகிறது. கீழே இறங்கியபோது மணிக்கட்டில் வலி இல்லை.

ஹைவேயில்தான் கஷ்டம். மார்கழிக் காலையில் ஷிஃப்டுக்குப் போகும்போது காற்று நேராக நெஞ்சில் அடிக்கிறது. 80க்கு மேல் போவதில்லை. அம்மாவுக்கு அதில் ரொம்ப திருப்தி.