பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 50

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நைட் டியூட்டி பார்த்தவர்களுக்கு இந்தத் தலைப்பு புரியும். 108-ல் தனியாக வந்து இறங்குபவரின் சீட்டில் அப்படித்தான் எழுதுவோம். ஆதார் இருக்காது, அட்டெண்டர் இருக்க மாட்டார்.

பஸ் ஸ்டாண்டில் கிடந்த பெரியவர் ஒருவர். காலில் சுற்றியிருந்த லுங்கித் துணியை அவிழ்த்தால் புண் முழுக்கப் புழு. டர்பன்டைன் ஊற்றி, அவை மேலே வர வர ஃபோர்செப்ஸால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பாதியில் என்னைப் பார்த்து, "சாப்ட்டியாம்மா?" என்றார். அன்றைக்கு அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

இப்படி வருகிறவர்களில் குடிநோயாளிகளும் உண்டு. அவர்களைப் பார்த்து 'குடிய நிறுத்தினா சரியாயிடும்' என்பவர்களுக்கு ஒரு விஷயம். வருஷக்கணக்காக மொடாக்குடி குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் நடுக்கம், பிதற்றல், சுவரெல்லாம் பூச்சி ஊர்வதுபோலத் தெரிவது. உயிரே போகலாம். சத்தில்லாத உடம்பு என்பதால் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் என்ற வைட்டமினைப் போடுவோம். அது குறைந்தால் மூளை பாதிக்கும். இத்தனையும் இருக்க, 'குடிகாரன்தானே' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சர்க்கரை நோயாளி லட்டு தின்றுவிட்டு வந்தால் இப்படியா பேசுகிறோம்?

வைத்தியத்தைவிடக் கஷ்டம் டிஸ்சார்ஜ். பிளாட்பாரத்துக்குத் திரும்புகிறவரிடம் "புண்ணை ஈரம் படாம வச்சுக்குங்க" என்று எந்த முகத்தோடு சொல்வது?

ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் போதை என்று தாண்டிப் போகாதீர்கள். சர்க்கரை இறங்கியிருக்கலாம், தலையில் அடிபட்டிருக்கலாம். 108-ஐக் கூப்பிட்டு, வண்டி வரும்வரை நில்லுங்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவி கேட்க 14446, கட்டணம் கிடையாது.